கை நனைக்காமல் கடலுக்குப் போனவர்கள்

சந்திரவதனா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு திட்டோடு சேர்த்துத்தான். எண்பத்தாறாம் ஆண்டு, பங்குனி மாதக் குளிர். லண்டன் மனோர் பார்க்கில் மகனுடைய வீட்டில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது. என் தங்கச்சியின் மகள் கலாவதி, குட்மேய்ஸிலிருந்து.

“பெரியம்மா, என்ரை தலையிலை ஒரு சனியன் வந்து இறங்கியிருக்கு.”

“ஆரடி?”

“இவற்றை தங்கச்சி. சந்திரவதனா. பேர்தான் சந்திரன். நேற்று வந்தவள், இண்டைக்கு என்ரை கறிச்சட்டியைத் திறந்து பாத்து, உப்புக் கூட எண்டுறாள்.”

“உப்பு உண்மையாவே கூடவோ?” என்று கேட்டேன். கலாவதி போனை வைத்துவிட்டாள்.

உறவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு குழம்பும். கலாவதி எனக்குப் பெறாமகள். அவள் புருஷன் ஆனந்தராஜா. ஆனந்தராஜாவின் ஒரே தங்கச்சி இந்தச் சந்திரவதனா. எனக்கு இரத்த உறவு இல்லை. ஆனாலும் அவள் என்னை மாமி என்று கூப்பிட்டாள், முறையும் அதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். உயரமான பெண். அகல நெற்றி. ஆளைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்தமாட்டாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே சொல்லிவிட்டாள்:

“மாமி, நீங்கள் அண்ணியின்ரை பக்கம் எண்டு எனக்குத் தெரியும். தேத்தண்ணி எண்டால் ஊத்தித் தாறன். புத்திமதி எண்டால் வேண்டாம்.”

எனக்கும் அவளைப் பிடித்தது என்று சொல்லமாட்டேன்.

அந்த வீட்டில் மாடிப்படி ஏறினவுடன் ஒரு பொக்ஸ் ரூம். கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அதற்குள்தான் அவள் ஏழு வருஷம் இருந்தாள். இல்ஃபோர்ட்டில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை எடுத்தாள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக் கொட்டிவிட்டு வந்து, கலாவதியின் அடுப்படியில் தனக்கென்று தனிச் சட்டி வைத்துச் சமைப்பாள். தன் பால் போத்தலில் தன் பெயரை எழுதி ஒட்டிவைப்பாள். ஒரு நாள் அறைக் கதவுக்குத் தானே திருகாணி முடுக்கிப் பூட்டுப் போட்டாள்.

“என்ரை வீட்டுக்குள்ளை எனக்கே பூட்டோ?” என்று கலாவதி படியில் நின்று கத்தினாள்.

“நீங்கள் என்ரை பெட்டியைக் கிளறாட்டி எனக்கு ஏன் அண்ணி பூட்டு?”

“கிளறிப் பாக்க உன்ரை பெட்டியிலை என்ன கிடக்கு? நாலு பழஞ்சீலை.”

“பாத்திட்டியள்தானே, எத்தினை எண்டு சரியாச் சொல்லுறியள்.”

இரண்டு பேரும் இப்படித் தொடங்கினால் கலாவதியின் சின்ன மகள் காதைப் பொத்துவாள், ஆனந்தராஜா சிகரெட்டை எடுத்துக்கொண்டு பின் தோட்டத்துக்குப் போய்விடுவார். தோட்டம் என்று பெயர்தான். அவர் நிற்கிற இடத்தில் புல்லும் முளைக்கவில்லை.

அவளுக்குச் சம்பந்தங்கள் வராமல் இல்லை. வந்ததெல்லாம் கோயிலில் வைத்தே முறிந்தது. சேர்ச் றோட் முருகன் கோயிலில் பெண் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு: பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அங்கே நிற்கிற சனத்துக்குக் கண் இல்லையா? முதல் தரம் வந்தவர்கள் வயது கூட என்றார்கள். அடுத்த தரம் வந்தவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லை என்றார்கள். இரண்டு தரமும் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னமே குட்மேய்ஸ் தமிழ்க் கடையில் கதை வந்துவிட்டது. கறிவேப்பிலை வாங்கப் போனவளைப் பார்த்து, “என்ன பிள்ளை, இதுவும் சரிவரேல்லையாமே?” என்று கடைக்காரர் கேட்டாராம். அன்றிலிருந்து அவள் அந்தக் கடைக்குப் போனதில்லை.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு ஆவணியில் வைத்தியநாதன் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். அவர் லண்டன் முழுக்கப் பொருத்தம் பேசித் திரிகிற மனுஷன். மாப்பிள்ளை ஸ்ரீஸ்கந்தராஜா, தெற்கு லண்டன் சட்டனில் வீடு, கவுன்சில் கந்தோரில் கோப்பு எழுதுகிற வேலை, தாய்க்கு ஒரே பிள்ளை. தாய் தவநாயகி. அந்த மனுஷிக்கு ஒரு நிபந்தனை.

“கோயில் வேண்டாமாம்,” என்றார் வைத்தியநாதன். “தன்ரை மகன் ஒரு பெட்டையைப் பாத்து வேண்டாமெண்டவன் எண்டு ஊருக்குள்ளை பேர் வரக்கூடாதாம்.”

“அப்ப வேண்டாமெண்டு சொல்லத்தான் வாறாவோ?” என்று கலாவதி பாய்ந்தாள்.

“பொறு பிள்ளை. தமிழ்ச் சனம் கண்ணாலையும் காணாத ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறன்.”

அந்த இடம் ஸ்கொட்லாந்து. மாப்பிள்ளையின் கந்தோர்க்காரர் வருஷா வருஷம் கோச் பிடித்து எங்காவது போவார்களாம். இந்த முறை மேற்குக் கரைக்குப் போய், படகில் ஏறித் தீவுகளைச் சுற்றித் திமிங்கிலம் பார்ப்பார்களாம். படகு நிரம்ப ஆட்கள் காணாதபடியால் வெளியாட்களும் வரலாமாம். நாங்களும் படகில் சீட் எடுத்து, தற்செயலாகச் சந்தித்ததுபோலச் சந்திக்க வேண்டியதுதான்.

“நீங்களும் வாறியளோ, அண்ணை?” என்று ஆனந்தராஜா கேட்டார்.

“நான் வந்தால் திமிங்கிலத்துக்கே விசயம் தெரிஞ்சிடும்,” என்றார் அவர்.

வயதுபோன பெண் ஒருத்தி கூடப் போனால்தான் மரியாதை என்று என்னையும் சேர்த்தார்கள்.

போவதற்கு முதல் கிழமை சந்திரவதனா என்னிடம் தானாக வந்தாள். அவள் மனம் திறந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். மாப்பிள்ளை அவளோடு போனில் கதைத்திருக்கிறார். ஒரு தரம் அல்ல, பல தரம். கலாவதி வேலைக்குப் போன நேரம் பார்த்து.

“நல்லாக் கதைக்கிறார் மாமி. சிரிக்கவும் வைக்கிறார். கலியாணம் முடிஞ்சால் தனி வீடாம். அம்மா சட்டனிலை, நாங்கள் வேறை இடத்திலையாம். அம்மாவுக்குத் தான் சொல்லுவாராம்.”

“சொல்லுவாரோ?”

“சொல்லுவன் எண்டு சத்தியம் பண்ணினவர். அண்ணியின்ரை வீட்டிலை இனி எனக்கு இருக்க ஏலாது மாமி. இந்தாள் சொன்ன சொல்லிலை நிண்டால் நான் போயிடுவன்.”

அவள் முகத்தில் சிரிப்பில்லை என்றவர்கள் அந்த நேரம் வந்து பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் சரி என்று வாயால் சொல்லும்வரைக்கும் பெண் வீட்டுச் சாப்பாட்டில் கை நனைக்கமாட்டார்கள். ஒரு வடையை எடுத்து வாயில் வைத்தாலும் ஓம் என்று சொன்னதற்குச் சமம். சாப்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால் அது பெரிய அவமரியாதை. கத்தி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். வீடு என்றால் பரவாயில்லை. அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, நேரமாகிறது என்று எழும்பிப் போய்விடலாம். நடுக்கடலில் எங்கே எழும்பிப் போவது? ஒரு நாள் முழுக்க ஒரே படகில் இருந்தால் மனிதருக்குப் பசிக்கும் என்பதை வைத்தியநாதன் யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

ஆனந்தராஜாவின் காரில் இரவு முழுக்க ஓடிவந்து, புரட்டாதி மாதத்து முதல் சனிக்கிழமை காலையில் படகுத்துறையில் நின்றோம். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். காற்று சேலைக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. கடல் சாம்பல் நிறம். எங்களை அங்கே யார் கூப்பிட்டது என்று கேட்பதுபோல அது படகை அறைந்துகொண்டிருந்தது.

தவநாயகியை அங்கேதான் முதலில் கண்டேன். கட்டையான, வெளிறிய மனுஷி. பட்டுச்சேலைக்கு மேல் மகனுடைய மழைக்கோட்டுப் போட்டிருந்தா. எங்களைப் பார்த்து வியந்ததுபோலக் கையை நாடியில் வைத்தா.

“அட, நீங்கள் தமிழ் ஆக்களோ?”

“ஓம் அன்ரி,” என்றாள் கலாவதி. “நீங்களும் தமிழோ? நாங்கள் ஏதோ கம்பளி மூட்டை எண்டு நினைச்சம்.”

“இதுதான் உங்கட மச்சாளோ? போட்டோவிலை நிறமாயிருந்தவ.”

“எந்தப் போட்டோ அன்ரி? நாங்கள் தற்செயலாத்தானே சந்திக்கிறம்?”

இப்படித்தான் தொடங்கியது. ஸ்ரீஸ்கந்தராஜா தாய்க்குப் பின்னால் நின்று சிரித்தான். நல்ல முகம்தான். கட்டை மீசை. சந்திரவதனாவைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னான். அவளும் பார்த்தாள். அந்த நேரம் இது சரிவரும் என்றே நான் நினைத்தேன்.

படகு வெளிக்கிட்ட பிறகுதான் தவநாயகி தன் சாப்பாட்டுப் பையைத் தேடினா. பை கோச்சுக்குள்ளே போய்விட்டது. கோச் பின்னேரம்தான் திரும்பி வரும்.

“உன்னை எடுத்து வாவெண்டு சொன்னனான் எல்லேடா?”

“நீங்கள் வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன் அம்மா.”

“நினைச்சனியோ? நினைக்கிறதுக்கு உனக்கு என்ன கிடக்கு?”

கந்தோர் ஆட்களுக்கு முன்னால், முப்பத்தெட்டு வயது ஆம்பிளைக்கு. அவன் தலையைக் குனிந்தான். சந்திரவதனா முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள்.

தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மரம் இல்லை, வீடு இல்லை, மொட்டைக் கற்பாறை. பாறைக்கு மேல் கடல் நாய்கள் மூட்டை மூட்டையாகப் படுத்துக்கிடந்து எங்களை முறைத்தன. வெள்ளைப் பெரிய பறவைகள் ஆகாயத்திலிருந்து அம்பு மாதிரித் தண்ணீருக்குள் விழுந்தன. படகுக்காரப் பெண் ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னாள். எனக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. சந்திரவதனா பக்கத்திலிருந்து சொல்லித் தந்தாள்.

மத்தியானம் கலாவதி சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். சந்திரவதனா முதல் நாள் சமைத்து எடுத்துவந்த பாண் தூளில் புரட்டிப் பொரித்த மரக்கறி றோல்ஸ், உளுந்து வடை, புளிச்சாதம். வாசம் படகு முழுக்க எழும்பியது. முன் சீட்டில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தா.

“எடுங்கோ அன்ரி,” என்று கலாவதி பெட்டியைத் தவநாயகியின் மூக்குக்குக் கிட்ட நீட்டினாள். “எல்லாம் மரக்கறி. சனி விரதக்காரரும் சாப்பிடலாம்.”

“வேண்டாம் பிள்ளை. நாங்கள் இன்னும் ஒண்டும் கதைச்சு முடிக்கேல்லை. கை நனைக்கிறது முறையில்லை.”

“தற்செயலாச் சந்திச்ச ஆக்களுக்கு என்ன முறை?”

“முறை தெரிஞ்ச ஆக்களுக்கு எல்லா இடத்திலையும் முறைதான்.”

பிறகு மகனைப் படகின் கன்ரீனுக்கு அனுப்பினா. கன்ரீன் என்றால் ஒரு சின்ன ஜன்னல். அங்கே பன்றி வைத்த பாண் இருந்தது, மீன் வைத்த பாண் இருந்தது. புரட்டாதிச் சனி, அவ தொடமாட்டா. உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கற்றில் இறால் வாசம் போட்டதுதான் மிச்சம் இருந்தது, பிஸ்கட்டில் முட்டை. ஸ்ரீஸ்கந்தராஜா வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

“நீங்கள் எண்டாலும் வாங்கிச் சாப்பிடலாமே, தம்பி?” என்றேன்.

“அம்மா பட்டினி கிடக்க நான் எப்பிடி...” என்றான். கண் மட்டும் எங்கள் பெட்டியில் இருந்தது.

அப்போது சந்திரவதனா எழும்பினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய், அவனுடைய கந்தோர்க்காரர் எல்லோருக்கும் நீட்டினாள். முதலில் அவனுடைய மனேஜர் ஒன்று எடுத்தார். கடித்தார், கண்ணை மூடினார், இரண்டாவதும் எடுத்தார். பிறகு எல்லோருடைய கையும் நீண்டது. மூக்கைப் பொத்திய கிழவியும் கடைசியில் பொத்திய கையை எடுத்து றோலுக்கு நீட்டினா. அந்தப் படகில் எங்கள் சாப்பாட்டைச் சாப்பிடாதவர்கள் தவநாயகியும் மகனும் மட்டும்தான்.

“பாத்தியோ,” என்று தவநாயகி மகனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “ஊருக்கே ஊட்டுறாள். கொழுப்பு.”

படகு இரண்டு தீவுகளுக்கு நடுவால் வெளிக்கடலுக்கு வந்தது. ஆட்டம் கூடியது. அந்த நேரம்தான் ஒலிபெருக்கி கத்தியது: இடது பக்கம், இடது பக்கம்! எல்லோரும் எழும்பி ஓடினார்கள். ஒரு பக்கமாகக் குவிய வேண்டாம் என்று படகுக்காரன் ஏசினான். யார் கேட்டது? கலாவதியும் ஆனந்தராஜாவும் ஓடினார்கள். தவநாயகியும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனா. என் முழங்கால் எழும்பவிடவில்லை. பின்பக்கத்து வாங்குப் பலகையில், சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்க ஸ்ரீஸ்கந்தராஜா இந்தப் பக்கம் வந்தான். நான் நித்திரை என்று நினைத்தானோ தெரியாது. பெட்டியைத் திறந்தான். ஒரு றோலை எடுத்து முழுதாக வாய்க்குள் தள்ளினான். அது உள்ளே போக முன்னம் அடுத்தது. மென்றானா விழுங்கினானா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

“மாமி, வாங்கோ, நான் பிடிக்கிறன்,” என்று என்னைக் கூட்டிப்போக வந்த சந்திரவதனா அவனுக்கு முன்னால் நின்றாள்.

அவன் விரலை உதட்டில் வைத்தான். “அம்மாவுக்குச் சொல்லிப் போடாதையுங்கோ.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தாள் என்றே சொல்ல வேண்டும். “எப்பிடி இருக்கு?”

“தேவாமிர்தம்.”

“அப்ப இன்னொண்டு எடுங்கோ. எடுத்துக்கொண்டு வாங்கோ, அம்மாவுக்கு முன்னாலை நிண்டு சாப்பிடுங்கோ. எனக்கு அது காணும்.”

“உங்களுக்கு அம்மாவைத் தெரியாது. கொஞ்சம் பொறுங்கோ. கலியாணம் முடியட்டும்.”

“தனி வீட்டுக் கதை சொல்லியாச்சோ?”

அவன் வாய்க்குள் மிச்சம் இருந்ததை விழுங்கினான். “அதுவும் முடிஞ்ச பிறகு சொல்லுவம்.”

அவள் சிரிப்பு நின்றது. அந்த நேரம் படகுக்குக் கிட்டத் தண்ணீர் பிளந்தது. கறுத்த முதுகு ஒன்று, நீளமாக, மெதுவாக உருண்டு போனது. அது விட்ட மூச்சு காற்றோடு எங்கள் மேல் வந்தது. அழுகின மீன் நாற்றம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். தவநாயகி அந்த நாற்றத்தில் பிரட்டி, வாயைப் பொத்திக்கொண்டு, எங்கள் பக்கம் தள்ளாடி வந்தா. வந்தவ மகனுடைய மீசையைப் பார்த்தா.

“என்னடா வாயிலை?”

அவன் புறங்கையால் துடைத்தான். தூள் இன்னும் பரவியது.

“கேக்கிறன், என்னடா வாயிலை?”

கன்ரீனில் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். பசித்தது, எடுத்தேன் என்று சொல்லியிருந்தால் அவன் ஆம்பிளை. அவன் சந்திரவதனாவைக் கைகாட்டினான்.

“இவதான் தந்தவ அம்மா. நான் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல, வலுக்கட்டாயமா...”

தவநாயகிக்குப் பிரட்டல் எங்கே போனதோ தெரியாது. “எடியே! ஆரும் பாக்காத நேரம் பாத்து என்ரை பிள்ளைக்குத் தீத்தி அவனைப் பிடிக்கப் பாக்கிறியோ? கோயில் கோயிலா நிண்டு விலைபோகாததுக்கு இப்ப றோல்ஸோ?”

சத்தம் கேட்டுக் கலாவதி ஓடிவந்தாள். பின்னால் ஆனந்தராஜா. கலாவதி மீசையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். இரண்டு கையையும் தட்டினாள்.

“கை நனைச்சாச்சு! மாப்பிள்ளை கை நனைச்சாச்சு! இனி என்ன கதை? சம்பந்தம் முற்றாச்சு!”

“உவள் கள்ளமாக் குடுத்தது கணக்கில்லை.”

“வயித்துக்குள்ளை போனதுக்குக் கள்ளமென்ன, நல்லமென்ன? முறை முறை எண்டு காலமை துவக்கம் கத்தினது நீங்கள். இப்ப முறையிலை நில்லுங்கோ. இல்லாட்டி நாளைக்குச் சட்டன் முழுக்கப் போன் போடுவன், பெண் வீட்டிலை திண்டிட்டு வேண்டாம் எண்ட குடும்பம் எண்டு!”

கந்தோர்க்காரர் திமிங்கிலத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா, “அம்மா, எல்லாரும் பாக்கினம், மெதுவா, மெதுவா” என்று கெஞ்சினான். தவநாயகி வாங்கில் பொத்தென்று இருந்தா. தன் முறை தன் கழுத்தையே பிடித்துவிட்டது அவவுக்குத் தெரிந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னா:

“சரி. திண்டிட்டான். விதி. தை மாசத்திலை நாள் பாப்பம். ஆனால் சட்டனிலை என்ரை வீட்டிலைதான் இருக்க வேணும். என்ரை சொல்லுக் கேட்டு இருக்கவேணும்.”

கலாவதி என் கையைப் பிடித்து அமத்தினாள். பொக்ஸ் ரூம் காலியாகிற சந்தோஷம் அந்தக் கையில் இருந்தது. ஆனந்தராஜா பெருமூச்சு விட்டார். ஸ்ரீஸ்கந்தராஜா இளித்துக்கொண்டு நின்றான்.

சந்திரவதனா பெட்டியை மூடினாள்.

“ஆர் திண்டது?” என்றாள்.

ஒருவருக்கும் விளங்கவில்லை.

“நான் ஆருக்கும் ஒண்டும் குடுக்கேல்லை. இவர் எங்கட சாப்பாடு ஒண்டும் சாப்பிடேல்லை. கன்ரீனிலை பிஸ்கட் வாங்கித் திண்டிட்டு, அம்மாவுக்குப் பயத்திலை என்ரை பேரைச் சொல்லுறார்.”

“எடி, உனக்கென்ன பைத்தியமே?” என்று கலாவதி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “தூள் தெரியுது!”

“பிஸ்கட் தூள்.” அவனை நேரே பார்த்தாள். “சொல்லுங்கோ. நீங்களா எடுத்துத் திண்டனீங்களோ? ஓமெண்டால் அம்மாவுக்கு முன்னாலை ஓமெண்டு சொல்லுங்கோ. நான் இப்பவே கழுத்தை நீட்டுறன்.”

படகு ஒரு தரம் தூக்கி ஒரு தரம் விழுந்தது. எல்லோரும் அவன் வாயைத்தான் பார்த்தோம். அவன் தாயைப் பார்த்தான்.

“இல்லை,” என்றான். “பிஸ்கட்தான்.”

கலாவதி என் பக்கம் பாய்ந்தாள். “பெரியம்மா! நீங்கள் இதிலைதானே இருந்தனீங்கள்? கண்ணாலை கண்டிருப்பியளே, சொல்லுங்கோ!”

கலாவதி நான் தூக்கி வளர்த்த பிள்ளை. மற்றவள் பிறத்தி. ஆனால் அந்த இளித்த வாயை நான் பார்த்துவிட்டேன்.

“நான் ஒண்டும் காணேல்லை மோனை. நான் கண்டது அந்த மீனைத்தான்.”

தவநாயகி எழும்பினா. ஒரு பெண்ணைத் தான் வேண்டாம் என்று சொல்லப் பழகிய மனுஷி; தன்னை ஒருத்தி வேண்டாம் என்பது அவவுக்குப் புதுசு. “எடியே, நான் மனமிரங்கி ஓமெண்டு சொல்லுறன், நீ எட்டி உதைக்கிறியோ?”

“நீங்கள் ஓமெண்டது அவர் சாப்பிட்டதுக்குத்தானே? அவர்தான் சாப்பிடேல்லையே.”

“நீ இப்பிடியே கிடந்து அழுகிப்போவாய்!”

“அழுகினாலும் சட்டனிலை அழுக மாட்டன்.”

ஆனந்தராஜாவுக்குப் போக அங்கே தோட்டம் இல்லை. படகின் மூக்குப் பக்கம் போய் நின்றுகொண்டார். தவநாயகி பட்டுச்சேலையோடு படகு ஓரத்தில் குனிந்து சத்தி எடுத்தா. வெறும் வயிறு, வந்தது பித்தம்தான். படகுக்காரப் பெண் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். மிச்ச நேரத்தில் திமிங்கிலம் இன்னும் இரண்டு தரம் எழும்பியதாம். எங்கள் ஆட்களில் அதைத் திரும்பிப் பார்த்தவள் சந்திரவதனா மட்டும்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றாள். அழுதாளா என்று கேட்டால், காற்றில் எல்லோருக்கும்தான் கண்ணீர் வந்தது.

லண்டன் வரைக்கும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கலாவதி பேசினாள்; பேசியதை எல்லாம் எழுத ஏலாது. “வந்த சீதேவியைக் காலாலை தள்ளினவள் என்ரை வீட்டிலை இருக்கக் கூடாது,” என்றாள். ஆனந்தராஜா முதன்முறையாகத் தோட்டத்துக்குப் போகாமல் நின்று ஒரு வார்த்தை சொன்னார்: “நீ ஒரு இடம் பார், தங்கச்சி.” அவர் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம். மார்கழி வருவதற்கு முன்னமே அவள் மனோர் பார்க்கில் ஒரு கடைக்கு மேல் அறை எடுத்துப் போய்விட்டாள். சாமான்களை ஏற்ற ஒருவரும் வரவில்லை. பஸ்ஸில் இரண்டு தரம் வந்து தானே எடுத்துப் போனாள்.

அந்த அறையின் போன் நம்பரை ஸ்ரீஸ்கந்தராஜா எங்கேயோ தேடிப் பிடித்தான். ஒரு நாள் அவள் என் வீட்டுக்கு வந்திருந்தபோது தானாகச் சொன்னாள்.

“மாமி, அந்தாள் போன் பண்ணினவர். தனி வீடு பாத்திட்டாராம். அம்மாவுக்குத் தெரியுமோ எண்டு கேட்டன்.”

“என்ன சொன்னவன்?”

“ஒண்டும் சொல்லேல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுது. வைச்சிட்டன்.”

அடுத்த வருஷம் அவனுக்குக் கனடாப் பெண் ஒன்று சரிவந்தது. சட்டன் வீட்டிலேயே தாயோடு இருக்கிறார்கள் என்று வைத்தியநாதன் சொன்னார். அந்தப் பெண்ணும் வாய்க்காரியாம். மாமியும் மருமகளும் ஆளுக்கொரு தளத்தில் இருந்து சண்டை பிடிக்கிறார்களாம். அவன் படியில் நிற்கிறானாம்.

கலாவதி என்னோடும் கதையை விட்டுவிட்டாள். பெரியம்மா பொய்ச்சாட்சி சொன்னவ என்று கனடா வரைக்கும் போன் போட்டுச் சொன்னாள். தொண்ணூற்றேழில் அவளுடைய மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வைத்தார்கள். தகப்பனின் கூடப்பிறந்தவள்தான் மாமிக்காரி. தலைக்குத் தண்ணீர் வார்க்க உரிமைக்காரி சந்திரவதனாதான். அவளுக்குச் சொல்லவில்லை, கலாவதியின் தமையன் பெண்சாதியை வைத்து வார்த்தார்கள். எனக்கும் சொல்லவில்லை. வீடியோ எடுத்தவன் எங்கள் தெருப் பொடியன் என்றபடியால் எல்லாம் தெரியவந்தது. நான் போய் அவளிடம் சொன்னேன். அவள் உள்ளிப்பூடு உரித்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை வடிவா இருந்தவளோ மாமி?” என்று மட்டும் கேட்டாள்.

அண்ணனும் தங்கச்சியும் இன்றுவரைக்கும் பேச்சில்லை. ஒரு தைப்பூசத்துக்குக் கோயில் வாசலில் நேருக்கு நேர் வந்தபோது இரண்டு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு விலகிப் போனதை நான் கண்டேன். யாரிலும் பிழை இல்லை என்று சொல்லிச் சமாளிக்கிற ஆள் நானில்லை. பிழை இருக்கிறது. அதைச் சுமக்க வேண்டியவர்கள் சுமக்கவில்லை, அவ்வளவுதான். அவளும் ஒன்றும் பால்குடி அல்ல. என்னையே இரண்டு தரம் வாசலில் வைத்து ஏசித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒரு தரம் சம்பந்தம் ஒன்று பற்றிக் கதை எடுத்ததற்கு, மற்றத் தரம் எதற்கென்று எனக்கு இன்னும் தெரியாது.

இப்போது, தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில், சந்திரவதனா மனோர் பார்க் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில், கவுன்சில் கொடுத்த ஒற்றை அறைப் பிளாட்டில், இரண்டாம் மாடியில், தனியாக இருக்கிறாள். அதே இல்ஃபோர்ட் பள்ளிக்கூடச் சமையலறைக்குத்தான் இன்னும் வேலைக்குப் போகிறாள்.